பத்து வரை எண்ணுங்கள்

கதை எழுதுகிறவனுக்குப் பேச்சுத்தான் மூலதனம். மளிகைக் கடைக்காரர் துவரம் பருப்பை வைத்துப் பிழைப்பதுபோல நான் பிறர் பேச்சை வைத்துப் பிழைக்கிறேன். பஸ்ஸில் யாராவது இரண்டு பேர் சச்சரவு செய்துகொண்டால் போதும், என் காது அங்கே குடியேறிவிடும். அப்படிப்பட்டவனிடம் பேச்சே வராத ஒருவரைப் பற்றி எழுதச் சரக்கு எங்கே இருக்கும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த மாதம் அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

பேசாதவர் எல்லாரையும் நம் ஊர்களில் ஒரே சொல்லால் அழைத்து முடித்துவிடுகிறோம். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். அதற்குள் எத்தனையோ விதமான மனிதர்கள் அடைபட்டுக் கிடக்கிறார்கள். காது கேளாததால் பேச்சு வராதவர்கள் ஒரு வகை. அவர்களுக்குச் சைகை மொழி இருக்கிறது, பள்ளிக்கூடங்களும் இருக்கின்றன. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே அப்படி ஒரு பள்ளியைத் தொடங்கிவிட்டார். இன்னொரு வகை உண்டு. காது கேட்கும், கேட்டது புரியும், பதிலும் மனத்துக்குள் தயாராக இருக்கும். ஆனால் நாக்கும் உதடும் சொன்னபடி கேட்காது, விரலும் கேட்காது. விரல் மடங்கினால் அல்லவா சைகை காட்டலாம்? மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளில் பலர் இப்படி. ஆட்டிசம் உள்ளவர்களிலும் பேச்சு வராதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காரணம் வேறு.

ஸ்டீபன் ஹாக்கிங் என்ற விஞ்ஞானியை எல்லாருக்கும் தெரியும். 1985-ல் தொண்டையில் செய்த சிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் பேச்சு அடியோடு போயிற்று. முதலில் ஓர் அட்டையில் எழுத்துக்களைக் காட்டிக்கொண்டே போவார்கள். சரியான எழுத்து வரும்போது அவர் புருவத்தை உயர்த்துவார். கணிப்பொறி வந்தது அப்புறம். அவருக்கு ஒரு வசதி இருந்தது: பேச்சுப் போவதற்கு முன்பே அவர் மேதை என்று உலகம் ஒப்புக்கொண்டிருந்தது. பிறந்தது முதல் ஒரு வார்த்தை பேசாத பிள்ளைக்கு அந்தச் சலுகை கிடையாது. அவனுக்குள் ஏதாவது இருக்கிறது என்பதையே அவன்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

என் தங்கை வாழ்க்கைப்பட்டது கெங்கவல்லியில். ஆத்தூரில் பஸ் ஏறினால் பாக்குத் தோப்பும் குச்சிக்கிழங்குக் காடும் மாறி மாறிக் கூடவே வரும். தூரத்தில் பச்சைமலை. சுவேத நதியில் தண்ணீர் வந்துவிட்டால் ஊரே பார்க்கப் புறப்பட்டுவிடும். அவளுடைய மூத்த பிள்ளை, என் மருமகன், மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவன். வயது பத்து. சக்கர நாற்காலியில் உட்காருவான். தலை கொஞ்சம் நிற்கும். வலது கை ஓரளவு அவன் சொன்ன இடத்துக்குப் போகும், நேரம் ஆகும். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் அவன் பெயர் இருந்தது. பெயர் இருந்தது என்றுதான் சொல்ல முடியும்.

பள்ளிக்கூடத்தில் அவனை அன்பாகத்தான் வைத்துக்கொண்டார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாழ்வாரத்தில், சாலை தெரிகிற இடமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுவிடுவார்கள். ஆத்தூர் பஸ் போகும், கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி சேகோ ஆலைக்குப் போகும், ஆடு போகும். "வேடிக்கை பார்க்கிறது அவனுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று எல்லாரும் சொன்னார்கள். இத்தனை வருஷமும் அவனும் மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை.

சென்ற ஆண்டு அந்த வட்டாரத்தில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி ஒன்று நடந்தது. பேச்சு வராத மாணவர்களோடு வேறு வழிகளில் எப்படிப் பேசுவது, அவர்களை எப்படிப் பேசச் செய்வது என்பது விஷயம். துணை மற்றும் மாற்றுத் தொடர்பு முறைகள் என்று அதற்கு ஒரு நீண்ட பெயர் வைத்திருக்கிறார்கள். பெற்றோரும் வரலாம் என்றார்கள். தங்கை போனாள், "நீங்களும் வாங்கண்ணா, பத்திரிகைக்கு எழுதலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

சென்னையிலிருந்து வந்திருந்த பேச்சுப் பயிற்சி நிபுணர் ஓர் அம்மாள். சொற்பொழிவு எதுவும் செய்யவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வேளையில் எல்லாருடைய வாயையும் கட்டிவிட்டார். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் ஒன்பது படங்கள்: சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை, வேண்டும், வேண்டாம், நன்றி, இப்படி. சாப்பிட்டு முடிக்கிற வரையில் அந்தப் படங்களைத் தொட்டுத்தான் பேச வேண்டும். எழுதக் கூடாது, சைகை காட்டக் கூடாது.

ஒரு தலைமையாசிரியர், ஓய்வுக்கு நெருங்கியவர், ரசத்தில் உப்பு இல்லை என்று சொல்ல விரும்பினார். அட்டையில் உப்புக்குப் படம் இல்லை, ரசத்துக்கும் இல்லை. யோசித்துச் 'சாப்பாடு' என்பதைத் தொட்டார். பிறகு 'வேண்டாம்' என்பதைத் தொட்டார். பரிமாறுகிற பையன் மரியாதையாக அவர் இலையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்! கூடம் முழுவதும் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

பிற்பகல் கூட்டத்தில் அவரே எழுந்து பேசினார். "இந்த அட்டையை வைத்துக்கொண்டு பிச்சை கேட்கலாம். குறை சொல்ல முடியாது. பத்து நிமிஷத்தில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு பையன் பத்து வருஷமாக..." என்றவர் மேலே சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். என் தங்கை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பாடம் எளிதாக ஏறியது. முதல் பாடம், கேள்வி கேட்டால் காத்திருப்பது. மனத்துக்குள் பத்து வரை எண்ண வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம், செய்து பாருங்கள். நிபுணர் அம்மாள் இரண்டு இரண்டு பேராக உட்கார வைத்து எண்ணச் சொன்னார். மூன்றுக்கு மேல் யாராலும் போக முடியவில்லை. மூன்றில் ஒரு தூண்டுகோல், நான்கில் "சொல்லு, சொல்லு", ஐந்தில் பதிலையும் தாமே சொல்லிவிடுவது! ஆசிரியர் தொழிலில் மௌனம் என்றால் பாடம் நடக்கவில்லை என்று அர்த்தம். அதனால் வந்த பழக்கம். கையை ஒரு படத்துக்குக் கொண்டுபோகவே எட்டு விநாடி பிடிக்கிற பிள்ளைக்கு ஐந்தாவது விநாடியில் பதிலைச் சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பத்துத் தடவை அப்படி ஆனபின் அவன் கையைத் தூக்கவே மாட்டான். அப்புறம் "இவனுக்கு ஒன்றும் தெரியாது" என்று எழுதிவிடலாம்.

இரண்டாவது பாடம், ஆசிரியரும் அட்டையைத் தொட்டுப் பேசுவது. குழந்தைக்குத் தமிழ் எப்படி வந்தது? நாம் அதன் எதிரில் ஒரு வருஷத்துக்கு மேல் பேசிக்கொண்டே இருந்தோம். பிறகு அது ஒரு வார்த்தை சொல்லிற்று. படங்களில் பேச வேண்டிய பிள்ளையின் எதிரில் யாராவது படங்களில் பேசிக் காட்டியிருக்கிறோமா? அட்டையைக் கையில் கொடுத்துவிட்டு, "தண்ணீர் எங்கே, காட்டு" என்று பரீட்சை வைக்கிறோம். தெரிந்ததையே கேட்டால் யாருக்கும் அலுத்துப் போகும்.

மூன்றாவது, அட்டையை பீரோவில் வைத்துப் பூட்டக் கூடாது. இதைச் சொன்னபோது நாலைந்து பேர் குனிந்துகொண்டார்கள்.

ஓர் ஆசிரியை நல்ல கேள்வி ஒன்று கேட்டார். "படத்தைப் பழக்கிவிட்டால், வரவேண்டிய பேச்சும் வராமல் போய்விடாதா டீச்சர்?" எந்தத் தாயின் மனத்திலும் இருக்கிற பயம் இது. நிபுணர் பதில் சொன்னார். மில்லர், லைட், ஷ்லோஸர் என்ற மூவர் அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைச் சலித்தெடுத்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் நம்பத் தகுந்தவை என்று எடுத்துக்கொண்ட ஆராய்ச்சிகளில் ஒருவருக்கும் பேச்சுக் குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவு கூடியிருந்தது. கைத்தடி கொடுத்தால் கால் போய்விடும் என்று பயப்படுவதுபோலத்தான் இதுவும்.

இரண்டாம் நாள் எல்லாருமாகச் சேர்ந்து அட்டை தயாரித்தோம். தமிழ் வாத்தியார்கள் நிறையப் பேர் இருந்ததால் அன்று நல்ல ரகளை. வெளிநாட்டுப் படங்களில் ரொட்டித் துண்டும் பனிமனிதனும் இருந்தன. களியும் குச்சிக்கிழங்கும் இல்லை. அது சுலபம், வரைந்துகொள்ளலாம். 'நீ' என்று ஒரு படம் இருந்தது. அதைத் தொட்டு ஒரு மாணவன் தலைமையாசிரியரை அழைத்தால் என்ன ஆவது? 'நீங்கள்' என்று இன்னொரு படம் வேண்டும் என்று ஒருவர் எழுந்தார். சிரித்தார்கள், ஆனால் சேர்த்தார்கள். மரியாதை கொடுக்கவும் ஒருவனுக்கு வழி வேண்டும் அல்லவா? வேண்டுமானால் கொடுக்காமலிருக்கவும்.

எழுத்துப் பழகிய பிள்ளைகளுக்கு எழுத்து அட்டை. தமிழுக்கு எழுத்து 247. அத்தனையையும் அட்டையில் அடைத்தால் கட்டம் அரிசி அளவுக்குச் சிறுத்துவிடும். நடுங்குகிற விரல் எதைத் தொட்டது என்று சொல்ல முடியாது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று 31 கட்டம் போட்டு, மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தொட்டால் உயிர்மெய் என்று வைத்துக்கொண்டார்கள். நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ செய்து வைத்த ஏற்பாடு. ஓர் இளம் ஆசிரியை 'ஆ' என்று தனியாக ஒரு கட்டம் கேட்டார். 'அம்மா' படத்தைத் தொட்டு 'ஆ'வைத் தொட்டால் "அம்மாவா?" 'நாளை'யோடு தொட்டால் "நாளைக்கா?" அதுவரை பதில் சொல்ல மட்டுமே உரிமை இருந்த பிள்ளைகள் அந்த ஒரு கட்டத்தினால் கேள்வி கேட்கவும் பெற்றார்கள். எனக்கு அந்த ஆசிரியையின் காலில் விழலாம் போலிருந்தது.

படங்களால் பேசுவது நேற்று வந்த சமாசாரம் அல்ல. சார்ல்ஸ் பிளிஸ் என்று ஒருவர் இருந்தார். ரசாயனம் படித்தவர், யூதர். நாஜிகளின் டாக்கவ், புக்கன்வால்ட் முகாம்களில் அடைபட்டு, விடுபட்டு, ஷாங்காய் போய்ச் சேர்ந்தார். அங்கே சீன எழுத்தைப் பார்த்து, எல்லா நாட்டாரும் படிக்கக்கூடிய ஒரு சித்திர எழுத்தை உண்டாக்கினார். மக்களுக்குள் வார்த்தையினால் வருகிற பகை ஒழிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஆஸ்திரேலியாவில் குடியேறி 1949-ல் புத்தகமாகவும் போட்டார். சீந்துவாரில்லை. 1971-ல் கனடாவில் டொரான்டோ நகரத்தில் பேச்சு வராத குழந்தைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்த ஷெர்லி மக்நாட்டன் என்ற ஆசிரியை அந்தச் சித்திரங்களைக் கண்டெடுத்தார். குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். பிளிஸ் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? முதலில் மகிழ்ந்தார், பிறகு, தம் சித்திரங்களை ஆசிரியைகள் மாற்றுகிறார்கள் என்று சண்டைக்குப் போனார், வழக்கு, சமரசம் வரை போயிற்று. உலக சமாதானத்துக்காகச் செய்த பாஷை! எழுத்தாளனாக அவர் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் பேசுகிறவன் கைக்குப் போனபின் பாஷை அவனுடையது, செய்தவனுடையது அல்ல.

இனி என் மருமகனுக்கு வருகிறேன். பயிற்சி முடிந்து இரண்டு மாதம் அவனுடைய ஆசிரியை தினமும் அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பேசினார். அவன் பார்த்துக்கொண்டேயிருந்தான். ஒருநாள் காலை, வழக்கம்போல நாற்காலியைத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டு, "இங்கே உட்காருகிறாயா?" என்று கேட்டு, எண்ணினார். ஏழோ எட்டோ எண்ணும்போது அவன் கை நகர்ந்தது. 'வேண்டாம்'. பிறகு இன்னும் நேரம் எடுத்துக்கொண்டு, 'உள்ளே'.

ஆசிரியைக்கு நம்பிக்கை வரவில்லை. கை தவறிப் பட்டிருக்கலாம். பயிற்சியில் சொன்னபடி கட்டங்களை இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டார். கை புதிய இடத்துக்குப் போயிற்று: 'உள்ளே'. மூன்றாம் தடவையும் மாற்றினார். 'உள்ளே'. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வகுப்புக்குள் போனார். அன்று கணக்குப் பாடம். ஐந்து வருஷம் ஆத்தூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்த பையன், பின்னம் போடுவதைப் பார்த்தான்.

அந்த ஆசிரியை கட்டங்களை மாற்றி வைத்துச் சரி பார்த்தாரே, அதுதான் இந்தப் பயிற்சியிலேயே பெரிய விஷயம் என்பது என் அபிப்பிராயம். காரணம் சொல்கிறேன். பேசாத பிள்ளையின் கையைப் பிடித்து எழுத்துப் பலகையில் எழுத உதவுகிற ஒரு முறை ஒரு காலத்தில் அமெரிக்காவில் காட்டுத்தீபோலப் பரவிற்று. வாய் திறவாத பிள்ளைகள் கவிதை எழுதினார்கள், பெற்றோர் அழுதார்கள். 1990-களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தார்கள். கையைப் பிடிக்கிறவருக்கு ஒரு படத்தையும் பிள்ளைக்கு வேறொரு படத்தையும் காட்டினால், எழுத்தில் வந்தது கையைப் பிடித்தவர் பார்த்த படம்! அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். அன்பு அதிகமானவர்கள், தம் கை தள்ளுகிறது என்பது அவர்களுக்கே தெரியவில்லை.

எனக்கு இதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. பிறர் வாயில் வார்த்தையைப் போடுவதுதான் என் தொழில். என் கதாநாயகிக்கு நான் நினைத்ததைத் தவிர வேறு எதுவும் பேசத் தெரியாது. கதையில் அது கலை. வகுப்பில் அது திருட்டு. பிள்ளை சொல்லாததைச் சொன்னதாகச் சொல்வதும், சொன்னதைக் கேளாமல் போவதும் ஒன்றுதான். இரண்டிலும் அவன் குரல் இல்லை. ஒருவனுக்கு உடம்பில் வலி என்றாலும், யாராவது கெடுதல் செய்தார்கள் என்றாலும், 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லும் அதை அப்படியே நம்புகிற ஒரு மனிதரும் இருந்தால்தான் அவனுக்குக் காவல்.

வழியில்லாத தேசம் அல்ல நம்முடையது. கல்கத்தாவில் சுதா கௌல் அம்மையார் 1974-ல் தொடங்கிய நிலையம் இந்த முறைகளில் நெடுங்காலமாகப் பயிற்சி தருகிறது. சென்னையில் 1985-ல் பூனம் நடராஜன் தொடங்கிய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம், இன்று வித்யாசாகர். அங்கேயுள்ள குழந்தைகளோடு இருந்து பழகித்தான் அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர் 'ஆவாஸ்' என்ற கருவியைச் செய்தார். படத்தைத் தொட்டால் அது வாய்விட்டுப் பேசும். 2010-ல் தேசிய விருது கிடைத்தது. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று 2005 முதல் மத்திய நிறுவனமே இருக்கிறது. சட்டமும் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 17-ஆவது பிரிவில், பேச்சுக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தத் துணை முறைகளைப் பள்ளிகளில் வளர்க்க வேண்டும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்கிறது.

சிறப்பாசிரியர் எத்தனை பேர் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. 2022-ல் மத்திய அரசு அறிவித்த அளவு, தொடக்க வகுப்புகளில் இத்தகைய மாணவர் 10 பேருக்கு ஒருவர். அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கெங்கவல்லிப் பக்கம் நான் பார்த்த சிறப்பாசிரியை ஒருவர் இந்த ஊருக்குத் திங்கள், அந்த ஊருக்குச் செவ்வாய் என்று மொபெட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். அவர் ஓர் ஊருக்கு வந்து போனபின் மீதி நாட்களில் அந்தப் பிள்ளையோடு யார் பேசுவது? வகுப்பாசிரியர்தான் பேச வேண்டும். ஆகவே பயிற்சி அவருக்குத்தான் முக்கியம். அதுவும் இரண்டு நாள் கூட்டத்தோடு முடிந்தால் ஏட்டுச் சுரைக்காய்தான். யாராவது மாதம் ஒரு முறை வகுப்புக்கே வந்து உட்கார்ந்து, "டீச்சர், இன்றைக்கு நாலிலேயே பதில் சொல்லிவிட்டீர்கள்" என்று நினைவுபடுத்த வேண்டும். அதற்குச் செலவும் அதிகமில்லை. ஒரு பஸ் டிக்கெட், ஒரு மத்தியானம்.

வருகிற ஜூனில் என் மருமகன் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி போக வேண்டும். அங்கே பாடத்துக்கு ஓர் ஆசிரியர். ஒவ்வொருவருக்கும் நாற்பது நிமிஷம். அதில் ஒரு பையனுக்காகப் பத்து விநாடி சும்மா இருக்க வேண்டும். அவர்களில் யாரும் அந்தப் பயிற்சிக்கு வந்தவர்கள் அல்லர். "அங்கேயும் தாழ்வாரம் இருக்குதுண்ணா" என்றாள் தங்கை. போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். அகலமான தாழ்வாரமாம், காற்று நன்றாக வருமாம்.

அவள் அதிகம் படித்தவள் அல்லள். ஆனால் அவள் பயிற்சியிலிருந்து ஒன்று தெரிந்துகொண்டு வந்திருக்கிறாள். அட்டையின் மேல் ஓரத்தில் கெட்டி மையில் எழுதி ஒட்டிவிட்டாள்: 'என்னிடம் கேட்டுவிட்டு, தயவு செய்து பத்து வரை எண்ணுங்கள்.' கீழே, 'நன்றி' என்று போடலாமா என்று என்னைக் கேட்டாள். அவனையே கேள் என்றேன். கேட்டாள். இருவரும் எண்ணிக்கொண்டு காத்திருந்தோம். ஒன்பதில் கை போயிற்று: 'வேண்டாம்'.

போடவில்லை.